மாதக் கடைசியில் சாப்பாட்டுக் கோப்பை

நீரிழிவு உள்ள ஒருவர் சேர்ஜரிக்கு வந்தால் நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. மருந்தை ஒழுங்காக எடுக்கிறீர்களா, நடக்கிறீர்களா, சோற்றைக் குறைத்தீர்களா என்று கேட்போம். "இந்த மாதம் சாமான் வாங்கக் காசு போதுமாக இருந்ததா?" என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்காமல் விடுவது பிழை என்பதை ஒரு நோயாளியிடம்தான் நாம் கற்றுக்கொண்டோம்.

அவர் ஐம்பது வயதைக் கடந்தவர், பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்பவர். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விபரங்களை மாற்றியுள்ளோம்.) அடுத்தடுத்து இரண்டு மாதங்கள், இரண்டு தடவையும் மாதம் முடிய நாலைந்து நாட்கள் இருக்கையில், வேலையிடத்தில் வியர்த்து, கை நடுங்கி, என்ன பேசுகிறோம் என்று தெரியாத நிலைக்குப் போனார். இரண்டாவது தடவை அம்புலன்ஸ் வந்தது. அவருடைய ஹெச்பிஏ1சி அளவோ சற்றுக் கூடுதலாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், நாம் மாத்திரையைக் கூட்டுவதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தோம். கூட வந்திருந்த மனைவிதான் கடைசியில் வாய் திறந்தார். "டொக்டர், கடைசிக் கிழமையில இவர் பிள்ளையளுக்கு விட்டிட்டு வெறும் தேத்தண்ணியோட வேலைக்குப் போயிடுவார்."

அவர் எடுத்துவந்த மாத்திரை கிளிக்லசைட். எம்மவர்கள் பலர் இதை எடுக்கிறார்கள். இது சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்பது அந்த மாத்திரைக்குத் தெரியாது. சாப்பாடு இல்லாத இரவிலும் அது தன் வேலையைச் செய்யும், குருதிச் சீனி 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கிவிடும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. மெற்போமின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அரிது. ஹெச்பிஏ1சி என்பது இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும் அளவு. மாதத்தின் முதல் மூன்று கிழமைகள் சீனி கூடியும் கடைசிக் கிழமை குறைந்தும் இருந்தால், அந்தச் சராசரியில் கடைசிக் கிழமை ஒளிந்துகொண்டுவிடும்.

இது ஒரு குடும்பத்தின் தனிக்கதை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வைத்தியசாலை அனுமதிகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், வருமானம் குறைந்த மக்களிடையே சீனி குறைந்து வைத்தியசாலைக்கு வருவது மாதத்தின் முதல் கிழமையைவிடக் கடைசிக் கிழமையில் 27 சதவீதம் அதிகமாக இருந்தது. வருமானம் கூடியவர்களிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை.

பணம் எங்கே முடிகிறது?

இங்கே பிரித்தானியாவில் 2023 மார்ச்சில் உணவுப் பொருட்களின் விலை, ஒரு வருடத்துக்கு முந்திய விலையைவிட 19 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. பிறகு ஏற்றத்தின் வேகம் குறைந்ததே தவிர, ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அதே காலத்தில் 2022இல் இலங்கையின் பொருளாதாரம் நொறுங்கியது. ஊரிலுள்ள அம்மாவுக்கும் சகோதரங்களுக்கும் அனுப்பும் காசைக் கூட்ட வேண்டி வந்தது. வீட்டுக் கடன் வட்டியும் ஏறியது. இருவர் வேலை செய்யும் வீடுகளில்கூட இந்த இறுக்கத்தைப் பார்க்கிறோம்.

வாடகை, மின்சாரம், கவுன்சில் வரி எதையும் நாம் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியது சாப்பாட்டுக் காசு ஒன்றுதான் என்று எல்லோரும் அதிலேயே கை வைக்கிறோம். ஆனால் அரிசி முடிந்துபோன தமிழ் வீட்டை நாம் கண்டதில்லை. சம்பளம் வந்த சனிக்கிழமை தமிழ்க் கடையில் அரிசி மூட்டை, 5 லீற்றர் எண்ணெய், மா, சீனி, தேங்காய்ப்பால், ஆட்டிறைச்சி, பெரிய மீன் என்று கார் நிறைய வந்துவிடும். இரண்டாம் கிழமை மரக்கறி வாடும். மூன்றாம் கிழமை மீன் முடியும். நாலாம் கிழமை சோறும் உருளைக்கிழங்கும், அல்லது வெள்ளைப் பாணும் சம்பலும். நீரிழிவுக்காரருக்கு மிகவும் தேவையான மரக்கறியும் மீனும் பருப்பும்தான் முதலில் காணாமல் போகின்றன. பிறகு தாயோ தகப்பனோ தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறார். அதை யாருக்கும் சொல்வதுமில்லை.

மூட்டையாக வாங்கிச் சேர்க்கும் பழக்கம் எமக்கு எங்கிருந்து வந்தது என்பது எமக்குத் தெரியும். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்து, மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் அலைந்தவர்களுக்கு வெறும் அலுமாரியைப் பார்த்தால் நெஞ்சு பதறும். எமது வீட்டிலும் அப்படித்தான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மூட்டைகளுக்கு முழுக் காசையும் முதல் நாளே கொடுத்துவிடுவதால்தான் கடைசிக் கிழமைக்கு மரக்கறி வாங்கக் காசு இல்லாமல் போகிறது.

நாலால் பிரிக்க வேண்டாம்

நாம் நோயாளிகளுக்குச் சொல்லும் முறை இது. ஒரு மாதத்து ரிசீற்றுகளை எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். மாத முடிவில் மூன்றாகப் பிரியுங்கள். கெடாத சாமான் ஒன்று. மரக்கறி, பழம், மீன், பால், முட்டை போன்ற கெடும் சாமான் இன்னொன்று. மூன்றாவது குவியலில் சோடா, மிக்சர், பிஸ்கற், கடையில் வாங்கிய றோல்ஸ், ரேக் அவே, வேலையிடத்தில் வாங்கும் சாண்ட்விச் எல்லாம் வரும். இந்த மூன்றாவது குவியலைப் பார்த்துக் கணவன் மனைவி சண்டை பிடிப்பதுண்டு. அதற்கு வைத்தியர் பொறுப்பில்லை.

பின்னர் அடுத்த மாதத்துக் காசிலிருந்து கெடாத சாமானுக்கு ஒரு தொகையை முதலில் ஒதுக்குங்கள். மிச்சம் கிழமைக் காசு. இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள், அதை நாலால் பிரிக்கிறார்கள். மாதத்தில் நாலு கிழமை இருப்பது பெப்ரவரியில் மட்டும்தான். உதாரணமாக 450 பவுணில் 150 கெடாத சாமானுக்குப் போனால் மிச்சம் 300. நாலால் பிரித்தால் கிழமைக்கு 75. 28ஆம் நாள் காசு முடிந்துவிடும், இன்னும் 3 நாள் இருக்கும். எமது நோயாளி விழுந்தது அந்த நாட்களை ஒட்டித்தான். 300ஐ 31ஆல் பிரித்து ஏழால் பெருக்குங்கள். கிழமைக்கு ஏறத்தாழ 67 பவுண் 70 பென்ஸ் வரும், கடைசி 3 நாளுக்கு 29 பவுண் மிஞ்சும். கிழமைக்கு 7 பவுண் குறைவது பெரிதாகத் தெரியாது. 3 நாள் ஒன்றுமில்லாமல் இருப்பது தெரியும்.

சைல்ட் பெனிபிற் பொதுவாக 4 கிழமைக்கு ஒரு தடவை வருவது. வருடத்தில் 13 தடவை வரும். உங்கள் சம்பளம் மாதச் சம்பளம் என்றால், இந்தக் காசை மரக்கறிக்கும் பழத்துக்கும் என்று தனியாக ஒதுக்குவது நல்லது. ஊருக்கு அனுப்பும் காசையும் கணக்கின் தலையிலேயே எழுதுங்கள். அது கட்டாயச் செலவு என்று எல்லோருக்கும் தெரியும். இடையில் தொலைபேசி வந்தபின் சாப்பாட்டுக் காசிலிருந்து எடுத்து அனுப்புவதைவிட, இவ்வளவுதான் என்று முன்பே தீர்மானித்து அனுப்புவது இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி.

போத்தலில் திகதி எழுதுங்கள்

இந்தக் கணக்கால் வேறொரு பயனும் உண்டு. எண்ணெய், உப்பு, சீனி மூன்றையும் புதிதாகத் திறக்கும் நாளில் அதன்மேல் பேனையால் திகதி எழுதுங்கள், முடிந்த நாளையும் குறியுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் 5 லீற்றர் எண்ணெய் 30 நாளில் முடிந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 42 மில்லிலீற்றர். அதில் 340 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஒரு நேரச் சோற்றின் கலோரியை நாம் எண்ணெயாகக் குடிக்கிறோம். ஒரு கிலோ உப்பு 30 நாளில் முடிந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல். பெரியவர்களுக்கு இங்கே சொல்லப்படும் எல்லை 6 கிராம். பாணிலும் மிக்சரிலும் கருவாட்டிலும் இருக்கும் உப்பு இந்தக் கணக்கில் சேரவில்லை. சீனி 4 கிலோ முடிந்தால் ஆளுக்கு 33 கிராம். பெரியவர்களுக்குச் சேர்க்கப்பட்ட சீனியின் எல்லை சோடா, பிஸ்கற், பழச்சாறு எல்லாம் சேர்த்து 30 கிராம்தான்.

விருந்தினர் வந்த மாதம், விரதம் முடிந்த மாதம் கணக்குக் கூடும், அது பரவாயில்லை. மூன்று மாதம் தொடர்ந்து பாருங்கள். எண்ணெய் 30 நாளில் முடிவதற்குப் பதில் 45 நாளில் முடிந்தால் காசும் மிஞ்சும், கொழுப்பின் அளவும் இறங்க வழியுண்டு. அப்படி மிஞ்சும் காசு மீனுக்குப் போகட்டும்.

எதை வாங்கலாம்?

முருங்கைக்காயும் வெண்டிக்காயும் பாகற்காயும் விமானத்தில் வருபவை, விலையும் அப்படி. அவற்றை நல்ல நாள் பெருநாளுக்கு வைத்துக்கொண்டு, கிழமை நாட்களில் கோவா, கரட், லீக்ஸ், பீற்றூட் என்று சமைக்கலாம். லீக்ஸ் வறையும் கரட் சம்பலும் எமக்குப் புதிதல்லவே. உறைந்த கீரை, போஞ்சி, பட்டாணி சத்தில் குறைந்தவை என்ற எண்ணம் எம்மவரிடம் இருக்கிறது. அது பிழை. அறுவடையானவுடன் உறைய வைப்பதால் சத்துப் பெரும்பாலும் காக்கப்படுகிறது, கடைசிக் கிழமையிலும் வாடாமல் இருக்கும்.

கிழமைக்கு ஒரு தடவையாவது எண்ணெய்ச் சத்துள்ள மீன் வேண்டும். ரின்னில் வரும் சாடினும் மக்கரலும் இதில் அடங்கும், ரின் ரூனா அடங்காது. பருப்பு, கடலை, பயறு, கவ்பி ஆகியவற்றைக் காய்ந்ததாக வாங்கி ஊறவைப்பது ரின்னில் வாங்குவதைவிட மலிவு. நீரிழிவுக்காரர் சோற்றில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் கடலையோ பயறோ வைத்தால் சீனி மெதுவாக ஏறும், பசியும் தாங்கும். சுப்பர் மார்க்கெட்டில் விலைத்துண்டின் ஓரத்தில் சிறிய எழுத்தில் கிலோவுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள். பெரிய பக்கற் எப்போதும் மலிவு அல்ல. ஒரே தடவையில் கூடச் சமைத்து வைப்பவர்கள் சோற்றை மட்டும் இரவு முழுக்க அடுப்பில் விட வேண்டாம். ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு நாளைக்குள் நன்றாக ஆவி பறக்கச் சூடாக்கி ஒரே தடவையில் முடித்துவிடுங்கள்.

காசுக்காக மாத்திரையைப் பாதியாக உடைத்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர், விலக்களிப்புச் சான்றிதழ் வைத்திருந்தால், எந்த நோய்க்கும் மருந்துச்சீட்டுக் கட்டணம் கட்டத் தேவையில்லை. அதற்கான படிவம் சேர்ஜரியில் கிடைக்கும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் எல்லோருக்கும் இலவசம். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் பாலும் பழமும் வாங்க உதவும் ஹெல்தி ஸ்ரார்ட் அட்டை பற்றி உங்கள் ஹெல்த் விசிற்றரிடம் கேளுங்கள். ஃபுட் பாங்குக்குக் கடிதம் தேவை என்றால் எமது வரவேற்பாளரிடம் மெதுவாகச் சொன்னாலும் போதும்.

கிளிக்லசைட் அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் வீட்டிலும் வேலையிடத்திலும் இதைத் தெரிந்து வைத்திருங்கள். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் உடனே 3 அல்லது 4 தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் அல்லது 150 முதல் 200 மில்லிலீற்றர் பழச்சாறு. டயற் சோடா உதவாது. 10, 15 நிமிடத்தில் மீண்டும் சோதித்துப் பார்த்து, 4க்கு மேல் வந்ததும் பாணோ பிஸ்கற்றோ சாப்பிட வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 999ஐ அழையுங்கள். சாப்பிட முடியாத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்பதை நீங்களாக முடிவெடுக்காமல் முன்கூட்டியே உங்கள் ஜீபியிடம் அல்லது நேர்ஸிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எமது நோயாளிக்கு நாம் மாத்திரையைக் கூட்டவில்லை. சீனியை அப்படி இறக்காத வேறு வகை மருந்துக்கு மாற்றினோம். வீட்டில் சாமான் வாங்கும் நாள் புதன்கிழமையாகிவிட்டது, கிழமைக்கு ஒரு தடவை. வேலைக்குப் போகும்போது ஒரு பெட்டியில் கடலையும் இரண்டு துண்டு பாணும் கொண்டு போகிறார். அடுத்த சோதனைக்கு வந்தபோது சீனி அளவுகள் எழுதிய புத்தகத்துக்குள் கடை ரிசீற்றுகளையும் மடித்து வைத்திருந்தார். நாம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நீங்களும் வரும்போது கொண்டு வாருங்கள்.