மருந்து உண்டவனும் ராணுவ வாசலும்

மூணாறிலிருந்து பூப்பாறைக்குச் செல்லும் மலைப்பாதையில், ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தை அடுத்துள்ள சின்னக்கானலும் சூரியநெல்லியும், தேயிலையையும் ஏலத்தையும் நம்பித் தலைமுறைகளுக்கு முன் மலையேறி வந்த தமிழர்களின் சந்ததியார் பெருவாரியாக வாழும் ஊர்களாகும். தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் லயம் எனும் வரிசைக் குடியிருப்பில் வீடு. பெற்றோர் ஓய்வு பெறும்போது பிள்ளைகளில் ஒருவராவது அதே தோட்டத்தில் பேர் பதிந்திராவிட்டால், பிறந்து வளர்ந்த அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு மலையிறங்க வேண்டியதுதான். கொழுந்துப் பையைத் தன்னோடு முடித்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணும் தாய்க்கு, மகன் பட்டாளத்தில் சேர்வது என்பது சம்பளம் மட்டுமல்ல, குடும்பம் சொந்தக் கூரைக்கு மாறும் மார்க்கமும் ஆகும். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி பணிக்காலம் நான்கே ஆண்டுகள் என்றும், அதன் முடிவில் நால்வரில் ஒருவருக்கு மிகாமலே நிரந்தரப் பணி கிடைக்கும் என்றும் தெரிந்த பின்னரும், பதினேழரை வயது எப்போது நிறையும் என்று காத்திருக்கும் பையன்கள் மலைநாட்டில் குறைந்துவிடவில்லை.

அத்தகைய ஒரு பையன், பதினாறு வயதில் காரணம் புலப்படாத சோகத்தில் அமிழ்ந்து, உண்ணாமலும் உறங்காமலும் பள்ளியை மறந்து கிடந்து, வைத்தியரிடம் அழைத்துச் செல்லப்பட்டு, ஏழெட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டுப் பூரண குணமடைந்தவனாயிருந்தால், ராணுவத்தின் வாசலில் அவனுக்கு என்ன நேரும் என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயம். எழுத்துத் தேர்வில் தேறி, 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தைக் குறித்த நேரத்துக்குள் முடித்து, கம்பியில் தன் தேகத்தைத் தூக்கி, ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டிய பிறகே மருத்துவப் பரிசோதனை வருகிறது. அங்கே கண், காது, பல், பாதம் அனைத்தும் சோதிக்கப்படுகின்றன. அவற்றோடு, முன்பு மன நோய் இருந்ததா என்ற கேள்வியும் எழுகிறது. நம் படைகளின் பொதுவான விதி, மன நோயின் வரலாறு உடையவரை ஏற்பதற்கில்லை என்பதே. அதிகாரிகள் தேர்வுக்கான மருத்துவ விதிகளிலோ, அடிக்கடி நேரும் தூக்கமின்மை, தீக்கனவு, தூக்கத்தில் நடத்தல் ஆகியவைகூட மனக்கோளாற்றின் அடையாளங்களாகக் குறிக்கப்பட்டுள்ளன.

இந்த விதிக்கு நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பனிக்காலத்தில் மாதக்கணக்கில் வழியடைபடும் எல்லைக் காவல்நிலையில், மாத்திரை தீர்ந்துபோனால் அடுத்த மாத்திரைக்கு வழியில்லை. மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகளைப் படிப்படியாகக் குறைக்காமல் திடீரென்று நிறுத்தினால், தலைசுற்றலும் பதற்றமும் வருவதோடு, நோயே திரும்பி வரவும் கூடும். நள்ளிரவில் துப்பாக்கியுடன் தனியே நிற்பவனின் மனநிலை அவனுடைய சொந்த விவகாரம் மட்டுமன்று. பக்கத்தில் உறங்குகிற பத்துப் பேரின் உயிரும் அதனோடு பிணைந்திருக்கிறது.

ஆயினும், இதே ராணுவம் தன் மடிக்குள் வந்துவிட்ட சிப்பாய்க்கு மனச்சோர்வு உண்டானால் அவனை உடனே வெளியே தள்ளிவிடுவதில்லை. ஆங்கிலத்தில் 'ஷேப்' என்று வழங்கும் அதன் மருத்துவத் தரவரிசையில் முதல் எழுத்தே மனநிலையைக் குறிப்பதுதான். அதில் தரம் தாழ்ந்தவனுக்கு ராணுவ ஆஸ்பத்திரியில் சிகிச்சை அளித்து, சில காலம் இலகுவான பணியில் வைத்துப் பார்த்து, தேறியவனை மீண்டும் பழைய தரத்துக்கு உயர்த்தும் ஏற்பாடு உண்டு. மனச்சோர்வு குணமாகக் கூடியது என்று உள்ளே ஒப்புக்கொள்ளும் ஸ்தாபனம், வாசலில் மட்டும் அதை ஒப்புக்கொள்ளத் தயங்குவது ஏன் என்று கேட்பதில் தவறில்லை. 2021 டிசம்பரில், மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் அதிகாரி ஒருவருடைய வழக்கில், மனநோயுற்றவர்மீது அந்நோயோடு தொடர்புடைய நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகமான பாகுபாடே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பும் பணியில் இருப்பவரைப் பற்றியதே. வெளியே நின்று கதவைத் தட்டுகிற பையனுக்கு அதனால் பயன் ஏதுமில்லை.

எனவே, "யார்கிட்டயும் சொல்லாதேடா, டாக்டர் சீட்டைக் கிழிச்சுப் போடு" என்று வீட்டிலேயே யோசனை சொல்கிறார்கள். அன்பினால் சொல்வதுதான், ஆனால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிந்தவர்கள் சிலரே. படையில் சேரும்போது கேட்கப்படும் கேள்விக்கு வேண்டுமென்றே பொய்ப் பதில் அளிப்பது 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அதைவிடக் கொடிய நஷ்டம் ஒன்றும் உண்டு. சேரும்போது ஒரு வியாதி குறிப்பிடப்படாமல் இருந்து, பின்னால் அந்த வியாதியினாலேயே ஒரு சிப்பாய் விலக்கப்பட்டால், அது பணியினால் வந்ததென்றே பொதுவாகக் கொள்ள வேண்டும் என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விளக்கி, வலிப்பு நோயால் விலக்கப்பட்ட ஒருவருக்கு ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடைக்கச் செய்தது. பழைய வைத்தியத்தை மறைத்துச் சேர்ந்தவன் இந்த ஆதாரத்தைத் தன் கையாலேயே அழித்துவிடுகிறான். காவல்நிலையில் மனம் தளரும்போதோ, வைத்தியரிடம் உண்மையைச் சொல்லவும் அஞ்சுகிறான்.

என் மனத்தை வருத்துவது இன்னொன்று. பிற்காலத்தில் பட்டாளத்துக்குத் தடையாகும் என்று கருதி, நோயுற்ற பிள்ளையை வைத்தியரிடம் காட்டாமலே விட்டுவிடுகிறார்கள். 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, இந்நாட்டில் இருபதில் ஒருவர் வாழ்வில் ஒரு தடவையேனும் மனச்சோர்வுக்கு ஆளாகிறார். அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சையே பெறுவதில்லை. சின்னக்கானல் வட்டாரத்திலோ மனத்தை அலைக்கழிக்கும் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. 2023 ஏப்ரல் 29-இல் பிடிபட்டு அப்புறப்படுத்தப்படும்வரை, அரிசிக்காக ரேஷன் கடைச் சுவரை இடித்த அரிக்கொம்பன் என்ற காட்டு யானைக்குப் பயந்து உறங்காத இரவுகள் இங்கே எத்தனையோ. மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில், 2020 ஆகஸ்ட் 6 இரவு லயங்களின்மீது மலை சரிந்து எழுபது உயிர்களைக் கொண்டுபோன துயரமும் இம்மலை ஜனங்களை விட்டு இன்னும் அகலவில்லை.

இந்தத் தடைக்கு மாற்று வழி உண்டா என்றால், அமெரிக்க ராணுவத்தின் விதி நம்முடையதைவிடத் தெளிவானது. ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறாமலும், வெளிநோயாளிச் சிகிச்சை மொத்தம் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாமலும், நோய் திரும்பி வராமலும், தற்கொலை எண்ணம் இல்லாமலும், கடைசி முப்பத்தாறு மாதங்களில் நோய்க்குறியோ மருந்தோ இல்லாமலும் இருந்தவனுக்குப் பழைய மனச்சோர்வு அங்கே தடையாவதில்லை. அந்த வரம்பைத் தாண்டியவனும் விசேஷ விலக்குக் கேட்கலாம். நம் பாதுகாப்பு அமைச்சகமும் இவ்வாறு காலவரையறை ஒன்றை நிர்ணயித்து, மனநல நிபுணர் நேரில் பரிசீலித்து முடிவு செய்யும்படி விதியைத் திருத்துவது அவசியம் என்பது என் திடமான அபிப்பிராயம். அவ்வாறு திருத்தினால், உண்மையைச் சொல்பவனுக்கும் ஒரு வழி பிறக்கும்.

அதுவரையில், ஆள்சேர்ப்புத் தேதி நெருங்குகிறது என்பதற்காக எந்தப் பையனும் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. குணம் தெரிந்த பிறகும் ஆறு மாதமாவது மருந்தைத் தொடர்ந்து, பிறகு வைத்தியர் சொற்படி குறைத்து நிறுத்துவதே முறை. கேரளத்தின் குடும்ப ஆரோக்கிய மையங்களில் 'ஆஸ்வாசம்' என்ற பெயரில் மனச்சோர்வுக்கென்றே சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.