ஆமைக்கு ஏற்ற படுக்கை

"ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஆனால் இன்று கடல் கடந்த நாடுகளில் ஆமை புகுந்த வீடுகள் பல்லாயிரம் உண்டு. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் குடியேறிய நம்மவர் இல்லங்களிலும் நாயும் பூனையும் இருந்த இடத்தில் இப்பொழுது ஆமை இருக்கிறது. பேரப்பிள்ளை தொலைபேசித் திரையிலே அதனைக் காட்டி, "அம்மம்மா, பாருங்கோ, நித்திரை கொள்ளுது" என்று சொல்ல, இங்கிருப்போர் வியந்து நோக்குகின்றனர். ஆமையால் அவ்வீடுகளுக்கு யாதொரு கேடும் வந்ததில்லை. வீட்டினால் ஆமைக்குக் கேடு வருவதுதான் பெருவழக்கு. அக்கேட்டின் பெரும்பகுதி, ஆமை நாள்தோறும் மிதித்து நடக்கும் தரையிலிருந்தே பிறக்கின்றது.

விடயத்துள் நுழையுமுன் சட்டத்தைச் சொல்லிவிடுதல் முறையாகும். இலங்கையில் இயற்கையாக வாழும் நில ஆமை ஓர் இனம் மட்டுமே. அது நட்சத்திர ஆமை. 1937 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டுப் பின்னர் பலமுறை திருத்தப்பட்ட தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதனைப் பாதுகாக்கின்றது. பற்றைக்காட்டில் கண்டெடுத்த ஆமையை வீட்டுக்குக் கொண்டுவருதல் குற்றமாகும். 2019 ஆம் ஆண்டில் உலக நாடுகளும் ஒன்றுகூடி, அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய உடன்படிக்கையின் முதலாம் அட்டவணையில் இவ்வினத்தைச் சேர்த்தன. ஆகவே இக்கட்டுரை, வெளிநாடுகளில் சட்டப்படி இனப்பெருக்கஞ் செய்யப்பட்ட ஆமைகளை உரிய சான்றுடன் பெற்று, குளிர் காரணமாக வீட்டினுள் பெட்டியமைத்து வளர்ப்போருக்கும், அவர்களுக்கு அறிவுரை கூறக்கூடிய உறவினருக்குமே உரியது.

மண்ணோடு ஒட்டிய வாழ்வு

நில ஆமைக்கு மண் வெறும் நடைபாதையன்று. வெயில் மிகுந்தால் அது மண்ணுள் ஒதுங்குகின்றது. குளிர் வந்தால் மண்ணைப் போர்த்துக்கொள்கின்றது. முட்டையையும் மண்ணிலேயே புதைக்கின்றது. இவ்வுண்மையைக் கண்ணாரக் கண்டு எழுதிவைத்தவர்களுள் ஒருவர், இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்துப் பாதிரியாரான கில்பேர்ட் வைற் என்பவர். 1771 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதலாம் தேதி, தம் உறவினரான மூதாட்டி ஒருவரின் தோட்டத்திலிருந்த ஆமை குளிர்கால உறக்கத்திற்காகக் குழி தோண்டத் தொடங்கியதை அவர் கவனித்தார். முன்கால்களாற் பறித்த மண்ணைப் பின்கால்களால் முதுகின்மேல் வாரியிறைத்த அதன் வேகத்தைக் கடிகாரத்தின் மணிமுள்ளோடு ஒப்பிட்டு நகைத்தார்.

1780 ஆம் ஆண்டில் அவ்வாமை அவருக்கே உரிமையாயிற்று. உறங்கிக்கொண்டிருந்த அதனைத் தோண்டியெடுத்து, மண் நிரப்பிய பெட்டியில் வைத்து, குதிரை வண்டியில் ஏறத்தாழ 80 மைல் தூரம் கொண்டுசென்றார். வண்டியின் ஆட்டத்தில் விழித்துக்கொண்ட ஆமை, புதிய தோட்டத்தில் சிறிது நேரம் உலாவியது. மாலைக் குளிர் உறைக்கத் தொடங்கியதும் இளகிய மண்ணுள் மீண்டும் தன்னைப் புதைத்துக்கொண்டது. திமோதி என்னும் ஆண்பெயரால் அழைக்கப்பட்ட அது பெண்ணாமை என்பது அதன் மரணத்தின் பின்னரே தெரியவந்தது. அதன் ஓடு இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையில் உள்ளது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே பயணப் பெட்டிக்குள் மண்ணை நிரப்பவேண்டும் என்று அப்பெரியாருக்குத் தெரிந்திருந்தது. இன்றோ கண்ணுக்கு அழகாயிருக்கிறதென்று வண்ணக் கற்களைப் பரப்புவோர் உளர்!

பின்னாளில் மத்தியதரைக்கடற் பகுதியிலிருந்து எண்ணற்ற ஆமைகள் பிடிக்கப்பட்டுப் பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் பெருந்தொகையானவை முதலாவது குளிர்காலத்தைக்கூடக் கடக்கவில்லை. 1984 ஆம் ஆண்டில் ஐரோப்பியச் சமூகம் அவ்வணிகத்தைத் தடைசெய்தது. இன்று வளர்ப்போர் கையில் அறிவு இருக்கிறது. அதனைப் பயன்படுத்துவதே அவர்கள் கடன்.

கேடு வரும் வழிகள்

முதலாவது வழி வாய். ஆமை, உணவோடு ஒட்டிய எதனையும் சேர்த்தே விழுங்கும். தூய மணல், சுண்ணாம்பு மணல் என்று விற்கப்படும் பொருள், பொடித்த வாதுமை ஓடு, சோளப்பொத்தியின் துண்டு, பூனைக்கு இடும் களிமண் குருணி ஆகியவை குடலிற் சேர்ந்து அடைப்பை உண்டாக்கலாம். பூச்சாடி மண்ணில் கலந்துள்ள வெண்ணிற மணிகளையும் சில ஆமைகள் உணவென்று எண்ணிக் கவ்வுகின்றன. உரமும் பூச்சிநாசினியும் கலந்த மண் நஞ்சேயாகும். சாக்கின்மேல் எழுதியிருப்பதை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்தே வாங்கவேண்டும்.

இரண்டாவது வழி மூச்சு. மனிதருக்குள்ளது போன்று மார்பையும் வயிற்றையும் பிரித்து மூச்சை உந்தும் தசைத்திரை ஆமைக்கு இல்லை. ஆதலால் இருமித் தூசியையும் சளியையும் வெளியேற்றும் ஆற்றல் அதற்குக் கிடையாது. நமக்கு ஒரு தும்மலோடு போகும் தூசி அதன் நுரையீரலில் தங்கி நோயாகின்றது. மரத்தூளை விலக்கவேண்டிய காரணம் இதுவே. நறுமணம் வீசும் சீடர் மரச்சீவல் இன்னும் கொடியது. அந்த மணத்தைத் தரும் எண்ணெய்களே மூச்சுக்குழலையும் ஈரலையும் தாக்குவன. பைன் மரச்சீவலிலும் அவ்வகைப் பொருள்கள் உள்ளன. நல்ல மணம் வீசுவதால் நல்ல படுக்கை என்று கொள்ளுதல் தவறு.

மூன்றாவது வழி ஓடு. தரை எப்பொழுதும் சேறாக இருந்தால் அடியோட்டில் அழுகல் பற்றும். எப்பொழுதும் சருகுபோல் உலர்ந்திருந்தாலோ வேறொரு துன்பம் தோன்றும். வெப்ப விளக்கின் கீழ் வளரும் குட்டியின் உடலிலிருந்து நீர் இடைவிடாது ஆவியாகின்றது. நாளடைவில் மூத்திரப்பையிற் கல் உண்டாகலாம். ஓட்டின் தகடுகள் ஒவ்வொன்றும் சிறு கோபுரம்போல் மேலெழுந்து விகாரமடையலாம். புரதம் மிகுந்த உணவே இவ்விகாரத்திற்குக் காரணமென்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2003 ஆம் ஆண்டில், ஆபிரிக்க முள்தொடை ஆமைக் குட்டிகளைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. காற்றின் ஈரப்பதம் குறைவதே உணவுப் புரதத்திலும் பார்க்கப் பெரிய காரணம் என்று அது காட்டியது. நட்சத்திர ஆமைக்கு இயல்பாகவே சிறிது மேடுண்டு. ஏனைய பல இனங்களில் ஓடு வழுவழுப்பாகவே வளரவேண்டும். ஒருமுறை எழுந்த கோபுரம் பின்னர் தாழ்வதில்லை என்பதை நினைவிற் கொள்க.

தாயகம் அறிந்து தரை அமைத்தல்

எல்லா ஆமைக்கும் ஒரே படுக்கை பொருந்துமோ? பொருந்தாது. மத்தியதரைக்கடல் நாடுகளுக்குரிய ஹேர்மன் ஆமையும் கிரேக்க ஆமையும் மேற்புறம் உலர்ந்து அடிப்புறம் சற்று ஈரமான மண்ணை விரும்புவன. இவற்றுக்கு உரம் கலவாத மேல்மண் இரண்டு பங்கும் தென்னந்தும்புத் தூள் ஒரு பங்கும் கலந்த படுக்கை நன்று. தென்னமெரிக்கக் காடுகளில் வாழும் செங்கால் ஆமைக்கு ஈரம் மிகுதியாக வேண்டும். தும்புத்தூளின் மேல் சைப்பிரஸ் மரப்பட்டையும் உலர்ந்த இலைகளும் பரப்பினால் அது காட்டுத்தரையை ஒத்திருக்கும். சகாராவின் தென்விளிம்பில் வாழும் முள்தொடை ஆமையைப் பாலைநிலப் பிராணி என்றெண்ணி வெறும் மணலில் விடுவோர் பலர். அங்கே அது ஆழமான வளை தோண்டி, அதன் உள்ளிருக்கும் ஈரக்காற்றிலேயே பகற்பொழுதைக் கழிக்கின்றது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். மேலே பாலை, கீழே ஈரம் என்பதே அதன் வாழ்வு.

இங்கே நம் நாட்டுக்கு ஒரு பெருமையுண்டு. குருநாகல், சிலாபம் பகுதிகளில் தேங்காய் மட்டையிலிருந்து தும்பு பிரிக்கும்போது உதிரும் தூள், ஒருகாலத்தில் ஆலைகளின் பின்புறத்தில் மலைபோற் குவிந்து வீணாயிற்று. இன்று அதுவே கழுவி, உலர்த்தி, கட்டியாக அழுத்தப்பட்டுப் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றது. 650 கிராம் நிறையுள்ள ஒரு கட்டியை நீரில் ஊறவைத்தால் ஏறத்தாழ 8 லீற்றர் தூளாகப் பெருகும். ஈரத்தை நெடுநேரம் தாங்கி, மெல்ல மெல்ல வெளிவிடும் தன்மையே அதன் சிறப்பு. குளிர்தேசத்து ஆமையொன்று நம்மூர்த் தென்னையின் எச்சத்தில் முகம் புதைத்து உறங்குவது இனிய காட்சியன்றோ! எனினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. உவர்நீரில் ஊறிய மட்டையின் தூளில் உப்பு மிகுதியாதலால், நன்கு கழுவப்பட்டதையே வாங்கவேண்டும். முற்றாக உலர்ந்தால் அத்தூளே புழுதியாய்ப் பறக்குமாதலால், ஈரம் வற்றவிடலாகாது.

படுக்கை இடும் முறை

ஆமை தன் ஓடு முழுவதும் மறையப் புதைந்துகொள்ளும் ஆழம் வேண்டும். குட்டிக்கு 2 முதல் 3 அங்குலமும், வளர்ந்த ஆமைக்கு 6 அங்குலம் அல்லது அதற்கு மேலும் இடுதல் நன்று. நீரை மேலே தெளிப்பதைவிட, பெட்டியின் மூலைகளில் மெதுவாக ஊற்றினால் அடிமண் ஈரமாகும், மேல்மண் உலர்ந்திருக்கும். ஈரத்தின் அளவை அறிய எளிய வழி ஒன்றுண்டு. அடியிலிருந்து ஒருபிடி மண்ணையெடுத்து இறுகப் பிடியுங்கள். நீர் சொட்டினால் அது மிகுதி. கையைத் திறந்ததும் பொடியாய் உதிர்ந்தால் குறைவு. உருண்டையாய் நின்று, விரலால் தட்டியதும் உடைந்தால் அதுவே அளவு.

உணவை மண்மேல் இடாது, தட்டையான கல் அல்லது ஓட்டுத் துண்டின்மேல் வையுங்கள். வெப்பமூட்டும் தகட்டைப் பெட்டியின் அடியில் வைத்தல் கூடாது. சூடு தாங்காத ஆமை குளிர்ச்சியைத் தேடிக் கீழ்நோக்கியே தோண்டும். அங்கே சூடு காத்திருந்தால் அது வெந்துபோகும். வெப்பம் சூரியனைப்போல் மேலிருந்தே வரவேண்டும். வைக்கோலும் உலர்புல்லும் விளக்கின் அருகே தீப்பற்றக்கூடியவை. நனைந்தால் விரைவிற் பூஞ்சணம் பிடிப்பவையும் அவையே.

பத்திரிகைத் தாளை விரிக்கலாமா என்று கேட்பர் சிலர். நோயுற்ற ஆமையையும் புதிதாய் வந்த ஆமையையும் சில நாள் தனியே வைத்து, அதன் மலத்தைக் கவனிப்பதற்கு அது மிக ஏற்றது. நிரந்தரமாக அதன்மேல் வாழும் குட்டிக்கோ கால்கள் வழுக்கி அகன்று வளைந்துவிடும். தோண்டவும் இயலாது. இந்த ஞாயிறு இதழையும் படித்து முடித்தபின் அந்தச் சில நாட்களுக்கு மட்டுமே பயன்படுத்துக!

மலத்தையும் மிஞ்சிய உணவையும் நாள்தோறும் அகற்றி, இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மண் முழுவதையும் மாற்றவேண்டும். ஆமையின் மலத்தில் சல்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். சிறுவர்கள் சிறிய ஆமைகளை வாயில் வைத்து நோயுற்றமையால், 1975 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை வளர்ப்புக்கென விற்பதையே தடைசெய்தது. ஆகவே ஆமையையோ அதன் மண்ணையோ தொட்ட பிள்ளைகள் சவர்க்காரமிட்டுக் கைகழுவவேண்டும். பெட்டியைச் சமையலறைத் தொட்டியிற் கழுவுதல் ஆகாது. கழித்த மண்ணைக் கீரைப்பாத்தியில் இடுதலும் ஆகாது.

பேசாத பிராணி

நாய்க்கு நோய் வந்தால் முனகும். பூனை உணவை வெறுத்து ஒதுங்கும். ஆமையோ மாதக்கணக்கில் துன்பத்தை மறைத்து வாழவல்லது. மூக்கில் நீர் வடிதல், வாயைத் திறந்து மூச்சிழுத்தல், கண் வீங்குதல், அடியோடு மென்மையாதல் அல்லது நாற்றம் வீசுதல், பல நாள் மலம் கழியாமை ஆகிய குறிகளுள் எதனைக் கண்டாலும், ஊர்வனவற்றின் நோயறிந்த மிருக வைத்தியரிடம் தாமதியாது காட்டவேண்டும். நன்கு பேணப்பட்ட ஆமை 50 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. இன்று பத்து வயதுப் பிள்ளையின் கையிலுள்ள குட்டி, அப்பிள்ளை பேரன் பேத்தி கண்ட காலத்திலும் உயிரோடிருக்கலாம். அத்தனை நீண்ட ஆயுளுக்கு வேண்டிய முதற்செலவு ஒரு சாக்கு நல்ல மண்ணும் இரண்டு கட்டி தும்புத்தூளுமே. அடுத்தமுறை பேரப்பிள்ளை திரையில் ஆமையைக் காட்டும்போது, அதன் அழகைப் புகழ்ந்தபின், "மண்ணை ஒருபிடி பிடித்துக் காட்டு மகனே" என்று கேளுங்கள்.