மூச்சு வாங்குதா? "கேஸ்தான்" என்று சோடா குடித்துவிட்டு படுத்து விடாதீர்கள்!

சென்னை,

ரெயில் நிலைய படிக்கட்டில் ஏறி முடிப்பதற்குள் சிலருக்கு மூச்சு இரைக்கிறது. பாதி படியில் கைப்பிடியை பிடித்துக்கொண்டு நின்று விடுகிறார்கள். பின்னால் வருகிறவர், "வழி விடுங்க சார்! ஆபீசுக்கு லேட்டாகுது" என்கிறார்.

"வயசாகுது, அதான்." "ராத்திரி பரோட்டா சாப்பிட்டேன், வாயு பிடிச்சிருக்கு." இப்படி தங்களுக்கு தாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். வழியில் ஒரு சோடா. அத்தோடு சரி!

அது வெறும் வாயுவாகவே இருக்கலாம். ஆனால் மாரடைப்பின் முதல் எச்சரிக்கையாக இருந்தால்? சோடா குடித்துவிட்டு படுத்திருக்கும் அந்த நேரம்தான், உயிரை காப்பாற்றக்கூடிய நேரம்!

எது சாதாரணம்?

நல்ல ஆரோக்கியமாக உள்ள ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். பஸ்சை பிடிக்க ஓடினால் இரைக்கத்தான் செய்யும். சில நிமிடங்களில் தானாக அடங்கிவிட்டால் பயம் இல்லை.

கவனிக்க வேண்டியது வேறு. போன மாதம் மூச்சு வாங்காமல் ஏறிய மாடிப்படியில் இந்த மாதம் மூச்சு வாங்குகிறதா? ஒரு தலையணை வைத்து படுத்தவருக்கு இப்போது 2, 3 தலையணை தேவைப்படுகிறதா? நடுராத்திரியில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறாரா? மாலையில் கால் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுகிறதா? இருதயம் ரத்தத்தை பம்ப் செய்யும் சக்தி குறைந்து, நுரையீரலில் நீர் கோர்ப்பதன் அறிகுறிகளாக இவை இருக்கலாம். தள்ளிப்போடாமல் டாக்டரை பார்க்க வேண்டும்.

காரணம் ஒன்றல்ல

மூச்சு திணறல் ஒரு நோய் அல்ல. பல நோய்களின் அறிகுறி.

ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்கி, நெஞ்சில் "உய்ங்" என்று விசில் சத்தம் கேட்கும். இரவிலும் விடியற்காலையிலும் தொல்லை அதிகம். போகிப் புகை, தீபாவளி வெடி, கொசுவர்த்தி சுருள், மாவு மில் தூசி எல்லாம் இவர்களுக்கு எதிரி.

வருடக்கணக்கில் பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக கெட்டுப்போகிறது. விறகு அடுப்பில் காலமெல்லாம் சமைத்த பெண்களுக்கும் இதே நோய் வருகிறது.

ரத்த சோகையும் மூச்சு வாங்க வைக்கும். ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12 என்ற அளவுக்கு கீழே போனால் ரத்த சோகை. "வீட்டு வேலை செஞ்சாலே மேல்மூச்சு வாங்குது" என்று சொல்லும் பெண்களை "சோம்பேறித்தனம்" என்று ஏசாமல், ரத்த பரிசோதனைக்கு அழைத்துப்போவது நல்லது.

ஆபரேஷன் ஆகி பல நாள் படுத்திருந்தவர்கள், பல மணி நேரம் பஸ்சில் உட்கார்ந்தே பயணம் செய்தவர்கள் ஆகியோருக்கு காலில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி நுரையீரலுக்கு போய் அடைத்துக்கொள்வது உண்டு. ஒரு பக்க கால் மட்டும் வீங்கி வலித்து, திடீரென்று மூச்சு முட்டினால் அது மகா ஆபத்து!

பயம், பதற்றம் காரணமாகவும் மூச்சு முட்டும். ஆனால் "பயம்தான்" என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். பக்கத்து வீட்டுக்காரர் அல்ல!

எண்ணூரில் நள்ளிரவில்...

2023-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பம் பகுதியில் கடலடி குழாயில் இருந்து அமோனியா வாயு கசிந்தது. நெடி தாங்காமல் மக்கள் குழந்தைகளை தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். கண் எரிச்சலும் மூச்சு திணறலுமாக பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். நல்ல உடம்புக்காரர்களுக்கும் நொடியில் மூச்சு முட்டும் என்பதை நகரம் அன்று பார்த்தது. இப்படி நெடி வந்தால் காரணம் தேடிக்கொண்டு நிற்கக்கூடாது. ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, முதலில் அந்த இடத்தை விட்டு விலக வேண்டும்.

உடனே ஓட வேண்டியது எப்போது?

* சும்மா இருக்கும்போதே திடீரென்று மூச்சு திணறினால்

* ஒரு வாக்கியத்தை முழுசாக பேசி முடிக்க முடியாமல் திக்கினால்

* நெஞ்சு வலி, நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடை வலி, குப்பென்று வியர்வை சேர்ந்து வந்தால்

* உதடு, நகம் நீலம் பாய்ந்தால்

* பேச்சு குழறினால், மயக்கம் வந்தால்

* இருமும்போது ரத்தம் வந்தால்

இதில் ஒன்று இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரிதான். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். மூச்சு வாங்குவது ஒன்றுதான் அவர்களுக்கு கிடைக்கும் எச்சரிக்கையாக இருக்கலாம்!

குழந்தைகளுக்கு கணக்கு வேறு. காய்ச்சல், இருமல் உள்ள குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் எண்ணிப்பாருங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40. மூச்சு இந்த எண்ணிக்கையை தொட்டாலோ, தாண்டினாலோ நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்கு கீழே குழி விழுந்தால் தாமதமே கூடாது.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கருவி பல வீடுகளில் இருக்கிறது. அதில் 95-க்கு மேல் காட்டினால் நல்லது. 94-க்கு கீழே இறங்கினால் டாக்டரை பார்க்க வேண்டும். 90-க்கு கீழே போனால் அவசரம். ஆனால் நகப்பூச்சு இருந்தாலும், விரல் சில்லிட்டிருந்தாலும் கருவி தப்பாக காட்டும். அது 98 என்று சொன்னாலும், ஆள் திணறினால் ஆளைத்தான் நம்ப வேண்டும்!

செய்யக்கூடாதவை

மூச்சு திணறுகிறவரை மல்லாக்க படுக்க வைக்கக்கூடாது. உட்கார வைத்து, லேசாக முன்பக்கம் சாய்ந்திருக்க செய்ய வேண்டும். சட்டை பொத்தானை தளர்த்துங்கள். சுற்றி நின்று கூட்டம் போடாதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஆஸ்துமாக்காரராக இருந்தால், டாக்டர் கொடுத்த இன்ஹேலரை உடனே உபயோகிக்க வேண்டும். "பழகிடும்" என்று பயந்து அதை பீரோவில் பூட்டி வைப்பவர்கள் உண்டு. இன்ஹேலர் போதை வஸ்து அல்ல. அடுத்தவர் இன்ஹேலரை கடன் வாங்குவதும் தப்பு.

தானே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. 108-க்கு போன் செய்தால் இலவசமாக ஆம்புலன்ஸ் வரும். சென்டிரல் எதிரே உள்ள ராஜீவ்காந்தி அரசு பொது ஆஸ்பத்திரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரிகளில் இரவு பகலாக அவசர சிகிச்சை உண்டு. அவசரம் இல்லாத நாள்பட்ட இரைப்புக்கும் இருமலுக்கும், தாம்பரம் சானடோரியத்தில் 1928-ம் ஆண்டு முதல் இருந்து வரும் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. 2 வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் சளி பரிசோதனையும் அவசியம்.

"சரக்கு இறங்கட்டும்", "மாசக் கடைசி கணக்கு முடியட்டும்", "கிளினிக் டாக்டர் சாயங்காலம் வருவார்" என்று நாள் கடத்துகிறவர்களே அதிகம் ஆபத்தில் சிக்குகிறார்கள். பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றால் போன நஷ்டம் அரை நாள் வியாபாரம். அதை மறுநாளே சம்பாதித்து விடலாம்!