சீமைக் கிராமத்தின் "பப்"
வயிறும் மனமும் நிறைந்தால்தான் வியாபாரம்!

இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமத்துக்குப் போனால் மூன்று கட்டிடங்கள் முதலில் கண்ணில் படும். ஒன்று, பழைய தேவாலயம். மற்றொன்று, பலசரக்குக் கடை. மூன்றாவது, வாசலில் படம் வரைந்த பலகை தொங்கும் ஒரு வீடு. அதுதான் "பப்"!

"பப்ளிக் ஹவுஸ்" என்பதன் சுருக்கம்தான் "பப்". பொது வீடு என்று பொருள்.

மதுக்கடைதானே என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். அங்கே பீர் விற்கிறார்கள் என்பது உண்மைதான். 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கக்கூடாது என்று சட்டமும் இருக்கிறது. ஆனால் குடிப்பதற்காக மட்டும் ஜனங்கள் அங்கே போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாட்டி, தாத்தா, பேரன், பேத்தி எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற பப்புகள் ஏராளம். குடிக்காதவர் எலுமிச்சை ரசமோ, காப்பியோ வாங்கிக்கொண்டு பேசிக் கொண்டிருக்கலாம். ஊர்ச் செய்தி முழுவதும் அங்கே கிடைக்கும்.

அந்த வீட்டுக்குள் போகிறவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள்? எதைக் கண்டால் மகிழ்கிறார்கள்? எதைக் கண்டால் மறுபடி அந்தப் பக்கமே வருவதில்லை?

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஒரு பலகை

முதலில் வாசல் பலகையைப் பார்ப்போம்.

1393-ம் ஆண்டில், இரண்டாவது ரிச்சர்டு மன்னர் காலத்தில் ஒரு கட்டளை பிறந்தது. பீர் விற்கிறவர்கள் வாசலில் அடையாளம் வைக்க வேண்டும் என்பதே அது. அப்போது எழுத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் சிலர்தான். ஆகவே படம் வரைந்து தொங்கவிட்டார்கள். சிங்கம் வரைந்தால் "சிவப்புச் சிங்கம்". மணி வரைந்தால் "மணி". வழிப்போக்கன் படத்தைப் பார்த்தே கடையைக் கண்டுகொண்டான்.

"ராயல் ஓக்" என்ற பெயரில் பல ஊர்களில் பப் இருக்கிறது. "ராஜாவின் ஓக் மரம்" என்று பொருள். 1651-ம் ஆண்டில் போரில் தோற்ற இரண்டாவது சார்லஸ், எதிரிகளின் கையில் சிக்காமல் ஓர் ஓக் மரத்தின் கிளைகளுக்குள் ஒளிந்து உயிர் தப்பினார். அந்த நினைவுதான் பலகையில் தொங்குகிறது!

"ஏய், பையா!" என்று கூப்பிடக்கூடாது

பழக்கம் இல்லாதவர்கள் பப்புக்குள் போனதும் ஒரு தவறு செய்வார்கள். மேசையில் உட்கார்ந்துகொண்டு, சிப்பந்தி வருவார், வருவார் என்று காத்திருப்பார்கள். யாரும் வரமாட்டார்கள்! வேண்டியதைக் கவுண்ட்டருக்குப் போய்க் கேட்டு, பணத்தைக் கொடுத்து, கோப்பையைக் கையோடு வாங்கி வரவேண்டும். பல பப்புகளில் சாப்பாட்டுக்கும் அங்கேதான் சொல்லவேண்டும். அது சமைத்தானதும் மேசைக்கு வரும்.

கவுண்ட்டரில் வரிசை கிடையாது. கூட்டமாகத்தான் நிற்பார்கள். ஆனாலும் யார் முன்னால் வந்தார், யார் பின்னால் வந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். உள்ளே நிற்கிற சிப்பந்திக்கும் தெரியும். அவர் தவறி உங்களிடம் முதலில் கேட்டால், "இல்லை, இவர் எனக்கு முன்னால் வந்தார்" என்று பக்கத்தில் நிற்பவரைக் காட்ட வேண்டும். அதுதான் மரியாதை. நோட்டை ஆட்டிக் காட்டுவதும், நாணயத்தால் பலகையைத் தட்டுவதும் அநாகரிகம்.

இனாம் கொடுக்கும் வழக்கமும் கவுண்ட்டரில் இல்லை. சிப்பந்தியின் வேலை பிடித்திருந்தால், "உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். அவர் அதற்கான காசை மட்டும் எடுத்துக்கொள்வார். பிச்சை போடுவது போல் இல்லாமல், நண்பருக்கு வாங்கிக் கொடுப்பது போல் இருக்கவேண்டும் என்பதற்காக இந்த வழக்கம்!

அளவிலும் கண்டிப்பு உண்டு. பீருக்கு அளவு "பைண்ட்". அது 568 மில்லி லிட்டர். கோப்பையிலேயே அரசாங்க முத்திரை இருக்கும். நுரை அதிகமாக இருந்தால், "இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள்" என்று கேட்கலாம். நல்ல கடைக்காரர் கோபிக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை

கிராமத்துப் பப்புக்கு ஞாயிறு மத்தியானம்தான் பரீட்சை நேரம்.

அன்று "ரோஸ்ட்" சாப்பாடு. அடுப்பில் சுட்ட மாட்டிறைச்சியோ, ஆட்டிறைச்சியோ, கோழியோ இருக்கும். கொழுப்பில் பொரிந்து மொறுமொறுப்பான உருளைக்கிழங்கு, காரட், பட்டாணி எல்லாம் பக்கத்தில். மேலே கொதிக்கக் கொதிக்க இறைச்சிச் சாறு. கூடவே "யார்க்க்ஷயர் புட்டிங்". பெயரைக் கேட்டு இனிப்பு என்று நினைக்க வேண்டாம். மாவு, முட்டை, பால் மூன்றையும் கரைத்து, சூடான கொழுப்பில் ஊற்றி அடுப்பில் வைத்தால், நம் ஊர்ப் பூரி போல உப்பி வரும்.

இதில் ஒன்று தவறினாலும் வாடிக்கைக்காரர் முகம் மாறிவிடும். தட்டு ஆறிப்போய் வந்தால் குறை. சாறு தண்ணீராக இருந்தால் குறை. இறைச்சி தோலைப் போல இழுத்தால் பெரிய குறை. வாரம் முழுவதும் நல்ல பெயர் எடுத்த கடை, ஒரு ஞாயிறு மத்தியானத்தில் பெயரைக் கெடுத்துக்கொள்ளும்.

ரொட்டி, பாலாடைக்கட்டி, வெங்காயம், ஊறுகாய் சேர்ந்த "உழவர் சாப்பாடு" என்ற தட்டும் பப்புகளில் பிரபலம். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பழைய உணவுதான். ஆனால் அந்தப் பெயரை ஊரெங்கும் பரப்பியவர்கள் உழவர்கள் அல்ல! 1950-களில் பாலாடைக்கட்டி வியாபாரத்தைப் பெருக்க நடந்த பிரசாரம்தான் அதைப் பரப்பியது.

வாரத்தில் ஒரு நாள் இரவு "கறி" பரிமாறுகிற பப்புகளும் உண்டு. ஆங்கிலேயர் நாவில் புரளும் அந்தச் சொல், தமிழிலிருந்து போனது என்றே அகராதிகள் காட்டுகின்றன.

பட்டு மெத்தையும் பேன் மெத்தையும்

சாப்பாடு நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? 350 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வாடிக்கைக்காரர் இதற்குப் பதில் எழுதி வைத்திருக்கிறார்.

அவர் பெயர் சாமுவேல் பீப்ஸ். இங்கிலாந்துக் கடற்படை நிர்வாகத்தில் பெரிய அதிகாரி. 1660 முதல் 1669 வரை அந்தரங்கமாக நாட்குறிப்பு எழுதினார். 1668-ம் ஆண்டு ஜூன் மாதம் மனைவியையும் சிலரையும் அழைத்துக்கொண்டு யாத்திரை போனார். இன்றைய கிராமத்துப் பப்புகள் பலவற்றுக்கு அந்தக் காலத்துச் சத்திரங்களே மூதாதை. அவற்றில்தான் தங்கினார்.

சாலிஸ்பரி நகரில் பெரிய சத்திரம். படுக்கப் பட்டு மெத்தை. சாப்பாடும் பிரமாதம். மறுநாள் கணக்கு வந்தது. 2 பவுன், 5 ஷில்லிங், 6 பென்ஸ்! குதிரைகளுக்கு அநியாய விலை. ரொட்டிக்கும் பீருக்கும் மட்டும் ஏழரை ஷில்லிங். பீப்சுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அந்தக் கோபத்தோடேயே புறப்பட்டார்.

அன்று இரவு ஒரு சின்னச் சத்திரத்தில் ஒதுங்கினார்கள். இடம் இல்லை. தூங்கிக் கொண்டிருந்த ஒரு கூடை வியாபாரியை எழுப்பிவிட்டுத்தான் அறை கிடைத்தது. மெத்தையில் பேன்! ஆனால் பீப்ஸ் கோபிக்கவில்லை, சிரித்தார். ஏன்? சத்திரக்காரர் நல்ல மனிதர். கம்பளி விலை, தானிய விலை என்று உட்கார்ந்து பேசினார். சாப்பிடும்போது எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

மறுநாள் மத்தியானம் நார்ட்டன் செயின்ட் பிலிப் என்ற கிராமத்தில் சாப்பிட்டார்கள். செலவு 10 ஷில்லிங். நன்றாகச் சாப்பிட்டதாகவே குறித்தார். அந்தக் கிராமத்தில் அப்போதே பழையதாயிருந்த "ஜார்ஜ்" சத்திரம் இன்றும் நிற்கிறது.

பட்டு மெத்தை கொடுத்தவர் ஏச்சு வாங்கினார். பேன் மெத்தை கொடுத்தவர் பாராட்டு வாங்கினார். நியாயமான விலையும் நல்ல வார்த்தையும் செய்கிற வேலை அது!

இல்லாத ஒரு பப்

இரண்டாவது உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, அதாவது 1946-ல், ஜார்ஜ் ஆர்வெல் என்ற எழுத்தாளர் லண்டன் பத்திரிகை ஒன்றில் ஒரு பப்பைப் பற்றி எழுதினார். இவர் பீகாரில் மோதிஹாரியில் பிறந்தவர். "தண்ணீருக்கு அடியில் நிலா" என்பது அந்தப் பப்பின் பெயர். அங்கே பரிமாறுகிற பெண்களுக்கு வாடிக்கைக்காரர்கள் பெரும்பாலோரின் பெயர் தெரியும். தோட்டத்தில் குழந்தைகளோடு உட்காரலாம். படித்தவர்கள் நாவில் நீர் ஊறியது. கட்டுரையின் முடிவில் ஆர்வெல் உண்மையைப் போட்டு உடைத்தார். அப்படி ஒரு பப்பே இல்லை!

வேடிக்கை என்னவென்றால், இல்லாத அந்தப் பப்பின் பெயரைப் பிற்காலத்தில் பல பப்புகள் சூட்டிக்கொண்டன.

வாய் திறந்த வாடிக்கைக்காரர்கள்

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் சாப்பாடு மோசமாகவே இருந்தது. 1940-ல் தொடங்கிய ரேஷன் 1954 வரை நீடித்தது. ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 5 ஷில்லிங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்று 1942-ல் உத்தரவு வந்தது. 1950 வரை அது அமலில் இருந்தது.

பொருள் இல்லாதது ஒரு காரணம். வாடிக்கைக்காரர் வாய் திறக்காதது மற்றொரு காரணம். ஆங்கிலேயருக்குக் குறை சொல்லக் கூச்சம் அதிகம். "எப்படி இருந்தது?" என்று கேட்டால், "மிகவும் நன்று" என்பார்கள். பிறகு அந்தக் கடைக்கே வரமாட்டார்கள். கடைக்காரருக்குத் தம் குற்றம் தெரியவே தெரியாது!

இதை மாற்ற முன்வந்தவர் ரேமண்ட் போஸ்ட்கேட். சரித்திர ஆசிரியர். துப்பறியும் நாவலும் எழுதியவர். பிராணிகளை வதைப்பதைத் தடுக்கச் சங்கம் இருப்பது போல, "உணவை வதைப்பதைத் தடுக்கும் சங்கம்" ஒன்று வேண்டும் என்று வேடிக்கையாக எழுதினார். எங்கே நல்ல சாப்பாடு கிடைத்தது என்று எழுதி அனுப்பும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றைத் திரட்டி 1951-ல் "குட் ஃபுட் கைடு" என்ற புத்தகம் வெளியிட்டார். எழுதுகிறவர் தம் கைக்காசைக் கொடுத்துச் சாப்பிட்டிருக்க வேண்டும். கடைக்காரரிடம் விளம்பரம் வாங்கக்கூடாது. ஒருவருக்கு லஞ்சம் கொடுக்கலாம். ஊருக்கே கொடுக்க முடியுமா?

பீருக்கும் இப்படி ஓர் இயக்கம் பிறந்தது. ருசி கெட்டுவிட்டதே என்று நொந்த நான்கு நண்பர்கள் 1971-ல் அதைத் தொடங்கினார்கள்.

மூடிய கதவுகள்

ஆனாலும் கிராமத்துப் பப்புகளுக்குச் சோதனை தீரவில்லை. குடித்துவிட்டுக் கார் ஓட்டுகிறவர்களைக் கருவி வைத்துப் பிடிக்கும் சட்டம் 1967-ல் வந்தது. வெளியூரிலிருந்து காரில் வருகிறவர்கள் குறைந்தார்கள். அது நல்ல சட்டந்தான், உயிர்களைக் காத்தது. 2007 ஜூலை முதல் பப்புக்குள் புகை பிடிக்கத் தடை வந்தது. பெரிய கடைகளில் பீர் மலிவாகக் கிடைத்தது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது எல்லாப் பப்புகளையும் மூடும்படி அரசாங்கமே சொன்னது. ஆயிரக்கணக்கான கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

நகரத்தில் ஒரு பப் மூடினால் அடுத்த தெருவில் வேறொன்று இருக்கும். கிராமத்தில் இருப்பதே ஒன்று. அது மூடினால், மனைவியை இழந்த கிழவர் மாலையில் யாரோடு பேசுவார்? புதிதாகக் குடிவந்தவர் அக்கம்பக்கத்தாரை எங்கே சந்திப்பார்?

வடக்கே கம்பிரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்று ஒரு சிறு கிராமம். அங்கே "பழைய கிரீடம்" என்ற பப் விற்பனைக்கு வந்தது. அது அந்நியர் கைக்குப் போய்விடுமோ என்று ஊரார் பயந்தார்கள். 2003-ல் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஆளுக்கு 1,500 பவுன் போட்டுக் கூட்டாகவே அதை வாங்கிவிட்டார்கள்! நாட்டின் முதல் கூட்டுறவுப் பப் என்று பெயர் பெற்றது. மறு ஆண்டு, அப்போது இளவரசராக இருந்த சார்லசே வந்து பார்த்தார்.

2011-ல் இதற்கு உதவியாகச் சட்டமும் வந்தது. "இது எங்கள் ஊர்ச் சொத்து" என்று பப்பைப் பதிவு செய்து வைக்கலாம். சொந்தக்காரர் விற்க முன்வந்தால், பணம் திரட்ட ஊராருக்கு 6 மாதம் அவகாசம் உண்டு. அந்த வழியில் பல கிராமங்கள் தங்கள் பப்பைக் காப்பாற்றிக் கொண்டன.

அப்படிப்பட்ட பப்புகளில் ஒரு தமாஷ் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் ஆறிப்போய் வந்தால், குறை சொல்கிறவரும் முதலாளி. பக்கத்து மேசையில் உட்கார்ந்து அதைக் கேட்கிறவரும் முதலாளி!