பாம்பூபிளாட்டில் மனை பார்ப்பது எப்படி?

வீட்டில் ஒருவர் பல்கலைக் கழகத்தில் படிக்கிறார் என்றால், அக்குடும்பம் மனை வாங்கும்போது பத்திரம் அவர் கைக்குத்தான் வரும். "நீ படித்தவன், என்ன எழுதியிருக்கிறது, பார்த்துச் சொல்லப்பா" என்பார் தந்தை. பத்திரத்தை வாசிக்க நமக்கு ஓரளவு தெரியும். நிலத்தை வாசிக்கத் தெரியுமா? பல ஆண்டு உழைத்துச் சேர்த்த பணமும், பெற்றோரின் முதுமைக் காலமும் அந்த ஒரு துண்டு நிலத்தை நம்பி நிற்கின்றன. ஆகவே, அந்தமானில் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றை எடுத்துக்கொண்டு, அங்கே குடியிருக்க இடம் தேர்வது எவ்வாறு என்று காண்போம்.

ஊர் பாம்பூபிளாட். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகருக்கு எதிரே, துறைமுக நீரின் அக்கரையில் இருக்கிறது. சாத்தம் துறையில் படகேறினால் சிறிது நேரத்தில் சேர்ந்துவிடலாம். மோட்டார் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் படகு அது. ஊரின் முதுகுப்புறத்தில் ஹாரியட் மலை. உயரம் 350 மீட்டருக்கு மேல். 1891 ஆம் ஆண்டுப் போருக்குப் பின் மணிப்பூர் அரசர் குலச்சந்திரரும் அவரைச் சார்ந்தோரும் அந்தமானுக்கு நாடு கடத்தப்பட்டதை நினைவுகூர்ந்து, 2021 இல் அதற்கு மணிப்பூர் மலை என்று பெயர் சூட்டினர்.

நம் இலக்கியம் காட்டும் தமிழகத்தில் குறிஞ்சிக்கும் நெய்தலுக்கும் இடையே முல்லையும் மருதமும் பரந்து கிடக்கும். இங்கோ தெருவின் மேல்முனை குறிஞ்சி, கீழ்முனை நெய்தல்! கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆனால் இரு திணைகளின் இன்னல்களும் ஒரே தெருவில் வந்து சேர்ந்துவிடுகின்றன. கீழே இறங்கினால் கடல். மேலே ஏறினால் சரிவு. நகரத்து மனை விலை எட்டாமல் அக்கரைக்குச் செல்லும் குடும்பம் இவ்விரண்டுக்கும் நடுவே இடம் தேட வேண்டியிருக்கிறது.

இத்தீவுகளில் இடம் தேர்வதில் இடறியவர்கள் சாதாரண மக்கள் மட்டும் அல்லர். 1789 இல் ஆர்ச்சிபால்டு பிளேர் சாத்தம் தீவில் குடியேற்றம் அமைத்தார். மூன்று ஆண்டுகளில் அதை வட அந்தமானுக்கு மாற்றினார்கள். அங்கே நோய் தாக்கியது, மக்கள் மடிந்தனர், 1796 இல் குடியேற்றத்தையே கைவிட்டு ஓடினர். 1858 இல் மீண்டும் வந்த ஆங்கிலேயர், ராஸ் தீவைத் தலைமையிடமாக்கி மாளிகைகளும் தேவாலயமும் எழுப்பினர். 1941 ஜூன் 26 அன்று நேர்ந்த பெரும் நிலநடுக்கம் அக்கட்டடங்களைக் குலைத்தது. மறு ஆண்டு ஜப்பானியர் வந்தனர். இன்று அம்மாளிகைச் சுவர்களை ஆலமரத்து வேர்கள் பற்றிக்கொண்டிருப்பதைச் சுற்றுலாச் செல்வோர் காணலாம். கப்பலும் பொறியியலாளரும் கருவூலமும் கையில் இருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், ஒரே ஒரு முறை மனை வாங்கப் போகும் குடும்பம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

பாம்பூபிளாட்டில் மனை பார்க்கச் செல்பவர் தரகரிடம் கேட்கும் முதல் கேள்வி, "சுனாமி இங்கே வந்ததா?" என்பதுதான். கேள்வி நல்லதே, ஆனால் போதாது. 2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்தவை இரண்டு. ஒன்று, பேரலை. அது வந்தது, அழித்தது, திரும்பிச் சென்றது. மற்றொன்று, நிலமே தாழ்ந்தது. அது திரும்பிச் செல்லவில்லை.

இதன் காரணத்தை அறிந்துகொள்வது நல்லது. இந்தியப் பெருந்தட்டு, அந்தமான் தீவுகள் அமர்ந்துள்ள தட்டின் கீழே மெல்ல மெல்ல நுழைந்துகொண்டிருக்கிறது. இரண்டும் உராய்ந்து இறுகிக் கிடக்கும் காலத்தில் மேல்தட்டு வளைந்து கொடுக்கிறது. ஓலையின் ஒரு முனையைக் கீழே இழுத்துப் பிடித்தால் நடுப்பகுதி மேலெழும்பி நிற்கும் அன்றோ? பிடி விட்டதும் முனை மேலே துள்ளுகிறது. எழும்பி நின்ற நடுப்பகுதி தாழ்கிறது. 2004 இல் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிடி விட்டது. வட அந்தமானின் மேற்குக் கரையோரம் உயர்ந்தது. அங்கே பவளப் பாறைகள் நீருக்கு மேலே வந்து காய்ந்தன. போர்ட் பிளேர்ப் பகுதியோ ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்ந்தது. தெற்கே நிக்கோபாரின் இந்திரா முனையில் தாழ்வு 4 மீட்டருக்கும் மேல்.

ஒரு மீட்டர் என்ன பெரிது என்று தோன்றலாம். போர்ட் பிளேரில் பருவ நாள்களில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடே சுமார் 2 மீட்டர்தான். அதில் பாதியளவு நிலம் இறங்கிவிட்டால், முன்பு ஏற்றநீர் எட்டிப் பாராத வயலுக்குள் அது நாள்தோறும் இருமுறை வந்து போகும். நகருக்கு அருகே சிப்பிகாட்டில் இதுவே நிகழ்ந்தது. நெல் வயல்கள் உப்பு நீர்த் தேக்கமாயின. வீடுகளை விட்டு மக்கள் வெளியேறினர். பாம்பூபிளாட் பக்கத்துத் தாழ்ந்த நிலங்களும் இதற்குத் தப்பவில்லை. பின்வந்த ஆண்டுகளில் நிலம் சிறிது சிறிதாக மேலெழுவதை அளவிட்டிருக்கிறார்கள். எனினும் அந்த எழுச்சியை நம்பி மனை வாங்குவது, பாட்டனார் சொத்தை எதிர்பார்த்துக் கடன் வாங்குவதை ஒக்கும்.

ஆகவே தரகரிடம் கேட்க வேண்டியது, "பேரலை வந்ததா?" என்பது மட்டும் அன்று, "ஏற்றநீர் எதுவரை வருகிறது?" என்பதும் ஆகும். இதற்கு விடையை அவரிடம் பெறுவதைவிடக் கடலிடமே பெறுவது மேல். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அவற்றை அடுத்த ஓரிரு நாள்களிலும் ஏற்றம் மிகுதியாயிருக்கும். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையில் போர்ட் பிளேருக்கு உரிய நாளும் நேரமும் உயரமும் இருக்கின்றன. ஆண்டின் மிக உயர்ந்த ஏற்றங்கள் எந்த நாள்களில் என்று அதில் பார்த்து, அந்த நேரத்தில் மனையின் எல்லையில் போய் நில்லுங்கள். தரகர் வேறு நாளில் அழைப்பார். அவருக்கு வற்றநேரம் தெரியும்.

நிலம் தானே காட்டும் சில அடையாளங்களும் உண்டு. வாய்க்கால் ஓரத்தில் அலையாத்திக் கன்றுகள் முளைத்திருந்தால், உப்பு நீர் அங்கே வழக்கமாக வருகிறது. பாலத்தின் கீழ்க்கல்லில் சிப்பி ஒட்டியிருந்தாலும் அப்படியே. தலையிழந்து நிற்கும் தென்னைகள், சுவரில் முழங்கால் உயரத்தில் வெண்மையாகப் பூத்த உப்புக் கோடு, குடிக்க உதவாமற்போன பழைய கிணறு ஆகிய எல்லாம் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. செம்மண் கொட்டி உயர்த்திய மனையானால் இவை மறைந்திருக்கும். அப்போது பக்கத்து மனையைப் பாருங்கள். நிரப்பிய மண் பல ஆண்டுகள் அமிழ்ந்துகொண்டே இருக்கும். நிலம் அதிரும்போது கெட்டியான தரையைவிட மிகுதியாகக் குலுங்கும். இந்தியத் தர நிர்ணயத்தின் 2002, 2016 ஆம் ஆண்டு நிலநடுக்க நெறிகள் இரண்டும் அந்தமான் தீவுகளை மிகக் கடுமையான ஐந்தாம் மண்டலத்தில் வைத்துள்ளன என்பதை மறக்கக் கூடாது. கீழே வண்டி நிறுத்த வெறுங்கால்களை நிறுத்தி, மேலே இரண்டு மாடி அடுக்கிய வீடுகள் 2004 இல் பட்ட பாட்டைப் பொறியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மரத்தால் கட்டிய பழைய வீடுகளோ பெரும்பாலும் தாங்கி நின்றன. இதைச் சொன்னால் நம் வீட்டில் கேட்பார்களா என்பது வேறு செய்தி.

இனி மேட்டுப் பக்கம். கடலுக்கு அஞ்சியவர் மேலே மேலே ஏறிச் செல்வார். அங்கே அழகிய காட்சியைக் காட்டி விலையையும் ஏற்றுவார்கள். இம்மலையின் அந்திக் காட்சி புகழ்பெற்றதுதான்! 1872 பிப்ரவரி 8 அன்று வைசிராய் மேயோ பிரபு மலையேறி அதைக் கண்டு மகிழ்ந்து இறங்கினார். அடிவாரத்து ஹோப் டவுன் துறையில் ஷேர் அலியின் கத்தி காத்திருந்தது. மேட்டு மனை வாங்குவோருக்குக் காத்திருப்பது கத்தி அன்று, மழை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். மே மாதம் தொடங்கித் தென்மேற்கும் வடகிழக்குமாக டிசம்பர் வரை பெய்யும். தென் அந்தமான் மலைகள் பலவற்றில் மணற்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்காக அமைந்துள்ளன. களிப்பாறை நீரில் ஊறி வழுவழுப்பாகும். அதன் சாய்வு சரிவின் பக்கமாகவே இருந்தால், மேலுள்ளது வழுக்கி வரும்.

மலையை வெட்டித் தட்டாக்கி, வெட்டிய மண்ணையே முன்புறம் கொட்டி, பாதி வீட்டை வெட்டிய தரையிலும் பாதியைக் கொட்டிய மண்ணிலும் நிறுத்துவது இங்கே காணும் வழக்கம். அவ்வீடு நடுவில் வெடிக்கும். பின்புறத் தாங்குசுவரில் நீர்க்கண்கள் இருக்கின்றனவா, அவற்றில் மழைக்காலத்தில் நீர் வடிகிறதா என்று பாருங்கள். மரங்கள் அடியில் வளைந்து நிற்பதும், சரிவில் பிறை வடிவில் விரிசல் ஓடுவதும், கோடையிலும் ஒரே இடத்தில் சேறாய்க் கிடப்பதும் நல்ல குறிகள் அல்ல. ஓடை மலையை விட்டுச் சமவெளியில் வாய் திறக்கும் இடம் எப்போதும் தட்டையாகவும் மண்வளத்துடனும் இருக்கும். அதைத் தட்டையாக்கியது யார்? முந்தைய சரிவுகள் கொண்டுவந்த மண்ணே. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அழித்த வெள்ளமும் பாறையும் ஓடையின் வழியாகவே இறங்கின.

2014 அக்டோபர் 29 அன்று இலங்கையின் கொஸ்லந்தை அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணில் புதைந்ததையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். சரிவு வரும் என்று முன்பே எச்சரிக்கப்பட்ட இடம் அது. அங்கே வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் அவ்விடத்தைத் தேர்ந்தவர் அல்லர். தோட்டம் கொடுத்த லயனில் இருந்தவர்கள். 1964 ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையை விட்டு வந்தவர்களில் சில குடும்பங்களை நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். 2004 பேரலை மிகக் கடுமையாகத் தாக்கிய தீவுகளுள் கச்சாலும் ஒன்று. அவர்களும் இடத்தைத் தாமே பார்த்து எடுத்தவர் அல்லர். நம் தலைமுறையில்தான் பல குடும்பங்கள் முதன்முறையாகத் தம் விருப்பப்படி இடம் தேர்கின்றன.

ஏற்றநீர்க் கோட்டுக்குச் சில மீட்டராவது மேலே, செங்குத்துச் சரிவுக்குக் கீழே, ஓடையின் வாய்க்கு ஒதுங்கி இருக்கும் இடைநிலமே என் கருத்தில் தேடத் தக்கது. காட்சி சுமாராகத்தான் இருக்கும்.

தண்ணீரைப் பற்றியும் கூற வேண்டும். இவ்வளவு மழை பெய்தும் கோடையில் குடங்கள் வரிசையில் நிற்கின்றன; ஆறுகள் சிறியவை, சரிவோ செங்குத்து, பெய்த நீர் கடலுக்கு ஓடிவிடுகிறது. 1973 இல் கட்டிய தானிக்காரி அணையை நம்பியிருக்கும் நகருக்கே ஏப்ரலில் முறை வைத்துத்தான் நீர் வருகிறது. ஆகையால் ஏப்ரலில் ஒரு முறை சென்று, குழாயில் எத்தனை நாளுக்கு ஒரு முறை நீர் வருகிறது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 200 லிட்டர் வேண்டுமானால் 24,000 லிட்டர் தொட்டி வேண்டும். கூரை நீரே அதை எளிதில் நிரப்பிவிடும். ஆனால் தொட்டி வைக்க மனையில் இடம் இருக்க வேண்டும்.

இவ்வளவும் பொருந்திய நிலம் கிடைத்த பின்னர்தான் பத்திரம். 1966 ஆம் ஆண்டு அந்தமான் நிக்கோபார் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறையின்படி, இத்தீவுகளின் நிலம் முழுவதும் அரசுக்கே உரியது. மக்கள் பெறுவது அரசு வழங்கிய உரிமையை மட்டுமே. அதிலும் பல வகைகள் உண்டு. நீண்ட காலம் குடியிருந்ததாலேயே உரிமை வந்துவிடாது. தமிழ்நாட்டுப் பட்டாவை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே பேசக் கூடாது. விற்பவரின் உரிமை எந்த வகை? அது கைம்மாறத் தக்கதா? அதற்கு அனுமதி வேண்டுமா? நிலம் வீட்டு மனையா, நெல் வயலா? வயலானால் வகை மாற்றம் பெற்றாயிற்றா? இவற்றைப் பெரார்கஞ்சு தாசில்தார் அலுவலகத்தில் எஃப் படிவத்தைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். மேட்டு ஓரத்து மனையானால் காட்டெல்லைத் தூண்களையும் நேரில் பார்க்க வேண்டும். தேசியப் பூங்கா மிக அருகில் இருக்கிறது. காட்டு நிலத்து ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி உச்ச நீதி மன்றம் 2002 மே 7 அன்று ஆணையிட்டிருக்கிறது. இருபது ரூபாய்த் தாளில் எழுதிய ஒப்பந்தம் இந்த ஆணையின் முன் நில்லாது.

படகையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவமனையான கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை அக்கரை நகரில் இருக்கிறது. கடைசிப் படகு போன பிறகும், காற்று மிகுந்து படகு நின்ற நாளிலும், சாலை வழியே சுற்றினால் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். துறைக்கு நடந்து செல்லும் தொலைவா என்பது முதியோர் உள்ள வீட்டில் சிறு செய்தி அன்று.

"தமிழர் தெருவிலேயே இருக்கட்டும்" என்று அம்மா சொல்வார்கள். அந்த விருப்பம் புரிகிறது. ஆனால் அதற்காகத் தாழ்ந்த மனையை ஏற்க வேண்டாம். பாம்பூபிளாட்டிலும் அதை அடுத்த ஊர்களிலும் 1921 கலகத்துக்குப் பின் கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளைமாரின் வழியினரும், வங்காளிகளும், தெலுங்கரும் தமிழருடன் கலந்தே வாழ்கின்றனர், இந்தியில் பேசிக்கொள்கின்றனர். எந்த மொழியினராயினும் சரி, 2004 க்கு முன்பிருந்தே அந்தத் தெருவில் இருக்கும் முதியவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். "ஐயா, அந்த ஆண்டுக்கு முன் கடல் எந்தக் கல்லில் நின்றது? இப்போது எந்தக் கல்லில் நிற்கிறது?" என்று கேளுங்கள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னே நடப்பார்.