தோப்புக்குப் பூட்டு

வங்காளத்தில் போல்பூர் என்னும் ஊரை அடுத்த சாந்திநிகேதனத்திலே, ஹோலிப் பௌர்ணமியன்று காலையில் மாமரங்களின் நிழலில் நடந்துவந்த வசந்தோத்ஸவத்தைப் பற்றி நமது நேயர்களிற் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். மஞ்சள் வஸ்திரம் தரித்த மாணவ மாணவிகள் வரிசையாக ஆடிக்கொண்டு வருவார்கள். ஆடலும் பாடலும் முடிந்த பிறகே உலர்ந்த வர்ணப்பொடியைத் தூவுவார்கள். சீட்டு இல்லை, கட்டணம் இல்லை. மரத்தடியில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவர் விருந்தாளி. 2019ஆம் வருஷத்தோடு அந்த வாசல் அடைபட்டுவிட்டது. மறு வருஷம் கொரோனா நோயை முன்னிட்டு உத்ஸவம் நிறுத்தப்பட்டது. நோய் நீங்கிய பின்னும் விசுவபாரதி ஸர்வகலாசாலையார் வெளியாரை அனுமதிக்கவில்லை. தங்களுக்குள்ளேயே, வேறொரு நாளில், நடத்திக் கொள்ளலாயினர். 2025லும் அப்படியே நடந்தது. இதைப் பற்றி நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஸர்வகலாசாலையார் கூறும் நியாயத்தை முதலில் கேட்போம். அது அற்பமானதன்று. கல்கத்தாவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரந்தான். ஒரு நாள் உல்லாசத்திற்கு மோட்டாரில் வருவோர் தொகை வருஷா வருஷம் பெருகிற்று. மாந்தோப்பில் இடம் போதாமல் உத்ஸவத்தைத் திடலுக்கு மாற்ற நேர்ந்தது. திடலும் போதவில்லை. வந்தவர்களிற் பெரும்பாலோர் பாட்டைக் கேட்க வந்தவர்களல்லர். வர்ணப்பொடியோடு தங்களைப் படமெடுத்துக் கொள்ள வந்தவர்கள். தலையில் சூடிக்கொள்வதற்காகப் பலாச மரத்தின் கிளைகளை ஒடித்தார்கள். ஒடித்ததை மாலையாக்கி விற்பதற்கும் ஆட்கள் கிளம்பினார்கள். நாமும் தேர் பார்க்கப் போய் அடுத்தவன் வயலை மிதித்தவர்கள்தாம்; ஆகையால் வங்காளிகளை மட்டும் குறை கூறும் யோக்கியதை நமக்கில்லை. ஆனால் மரத்தை ஒடிப்பது வசந்தத்தைக் கொண்டாடுவதாகுமா?

சாந்திநிகேதனத்து மரங்கள் தாமே முளைத்த காடல்ல என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். 1863இல் மஹரிஷி தேவேந்திரநாத தாகூர் அந்த நிலத்தைப் பெற்றபோது, இரண்டு ஏழிலைப்பாலை மரங்களைத் தவிர, மழை அரித்த செம்மண் பொட்டலே பெரும்பாலும் கிடந்தது. மாந்தோப்பும் சால மரச் சாலையும் மனிதர் கைபட்டு வளர்ந்தவை. 1901இல் அவர் குமாரர் ரவீந்திரநாதர் ஐந்து பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் ஆரம்பித்து, மரத்தடியையே வகுப்பறையாக்கினார். 1928இல் விருக்ஷாரோபண உத்ஸவத்தை ஏற்படுத்தி, மரக்கன்றைப் பல்லக்கில் வைத்து, ஆடல் பாடலோடு எடுத்துச் சென்று நடச் செய்தார். மரம் நடுவதும் அங்கே ஒரு கலை. இப்படி வளர்த்த தோப்பை ஒரு நாள் கூத்துக்குப் பலிகொடுக்க முடியாது என்று அவர்கள் சொன்னால், முடியாதுதான்.

உத்ஸவத்தின் ஆரம்பமும் சிறியதே. 1907இல், ஹோலியன்று அல்ல, ஸ்ரீபஞ்சமியன்று, ரவீந்திரநாதரின் கடைசிப் பிள்ளை சமீந்திரநாதன் தன் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு ருது உத்ஸவம் என்று ஒன்று நடத்தினான். பிள்ளைகள் ருதுக்களாகவும் பூக்களாகவும் வேஷம் பூண்டார்கள். பத்து வயதுப் பையன். அந்த வருஷம் முடிவதற்குள்ளேயே விஷபேதி கண்டு இறந்து போனான். அவன் தொடங்கியதைத் தகப்பனார் கைவிடவில்லை. பிள்ளைகள் மரத்தடியில் விளையாட்டாகச் செய்தது வளர்ந்து வசந்தோத்ஸவமாயிற்று.

இலவசம் என்றதும் யாரோ தனவந்தர் பணம் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறோம். இந்த உத்ஸவம் இலவசமானதற்குக் காரணம் வேறு. இலை, பூ, அரிசிமாக் கோலம், சாயம் தோய்த்த துணி: இவைதாம் அதன் அலங்காரம். 1938இல் மகாத்மாவின் வேண்டுகோளை ஏற்று ஹரிபுரா காங்கிரஸுக்குச் சித்திரங்கள் எழுதினாரே, அந்த நந்தலால் போஸும் அவருடைய மாணவர்களுமே சாந்திநிகேதனத்து உத்ஸவங்களுக்கும் அலங்காரம் செய்தவர்கள். கையிலிருப்பதைக் கொண்டு அழகு செய்யும் வித்தையை அவர்கள் தேசத்துக்கே காட்டினார்கள். நாட்டியத்துக்கு மணிப்புரியிலிருந்து ஆசிரியர் வந்தார். நமது பக்கத்து ஸங்கீதமும் அங்கே போய்ச் சேர்ந்தது. முத்துஸ்வாமி தீக்ஷிதர் மதுரை மீனாக்ஷியின் மீது பாடிய கீர்த்தனையைத் தென்னாட்டு மாணவி ஒருத்தி பாட, கேட்ட ரவீந்திரநாதர் அதே மெட்டில் வங்காளியில் வசந்தத்தைப் பற்றி ஒரு பாட்டு இயற்றினார். மதுரைக் கோவிலுக்கும் போல்பூர் மாந்தோப்புக்கும் உள்ள தூரத்தைத் தேசப்படத்தில் பார்த்துக் கொள்ளுங்கள்.

இவ்வளவும் பொதுச்சொத்து. பேச்சுக்குச் சொல்லவில்லை, 1951இல் பார்லிமெண்டில் சட்டம் செய்து விசுவபாரதியை மத்திய ஸர்வகலாசாலையாக்கினார்கள். அது ஜனங்களின் வரிப்பணத்தில் நடக்கிறது. 2023இல் யுனெஸ்கோ சபை சாந்திநிகேதனத்தை உலகப் பாரம்பரிய ஸ்தலங்களில் ஒன்றாக ஏற்றுக் கொண்டது. உலகத்துக்குச் சொந்தம் என்று பத்திரம் வந்திருக்கும் தோப்பிலே, பக்கத்துக் கிராமத்துச் சந்தால் குடியானவனுக்கு வசந்தோத்ஸவத்தன்று இடமில்லை என்பது வினோதமல்லவா?

சரி, பூட்டினார்களே, மரங்கள் தப்பினவா? மாந்தோப்பு தப்பியிருக்கலாம். ஆனால் கூட்டம் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. சாந்திநிகேதனத்தின் புறத்தே ஸோனாஜுரி என்னும் மரக்காடு இருக்கிறது. அங்கே கைத்தொழிற் சாமான்களின் சந்தை கூடும். பாவுல் பாடகர்களும் சந்தால் நாட்டியக்காரர்களும் மரங்களினடியில் பாடி ஆடுவார்கள். ஒரு வாசல் மூடியதும் வர்ணப்பொடியும் மோட்டார் வண்டிகளும் அந்தக் காட்டுக்குள் புகுந்தன. கடைசியில் 2025இல் வனஇலாகாவினர் அங்கேயும் வர்ணம் விளையாடக் கூடாதென்று விளம்பரப் பலகை கட்ட நேர்ந்தது. அதை ராஜீயச் சண்டையாக்கவும் சிலர் முனைந்தார்கள். ஒரு தோப்பைக் காத்து மற்றொரு தோப்பைக் காட்டிக் கொடுத்ததைத் தவிர இதில் என்ன லாபம்?

பூட்டுக்குப் பழகிப் போவதுதான் நாம் அஞ்சுவது. பௌஷ மேளாத் திடலைச் சுற்றி 2020இல் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். ஜனங்கள் திரண்டு வந்து அதை இடித்தார்கள். இடித்த முறையை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் சில வருஷங்கள் நின்றிருந்த அந்த மேளா 2023 டிசம்பரில் பழைய திடலுக்கே திரும்பி வந்ததை யோசிக்க வேண்டும். மேளாவுக்கு வழி பிறந்ததென்றால் வசந்தோத்ஸவத்துக்கு ஏன் பிறவாது?

வாசலை ஒரே நாளில் அகலத் திறந்துவிடும்படி நாம் கேட்கவில்லை. முதல் வருஷம் சுற்றுக் கிராமத்தாரையும் போல்பூர் வாசிகளையும் அழைக்கட்டும்; அழைப்பது வேடிக்கை பார்ப்பதற்கு அல்ல, பாடுவதற்கும் ஆடுவதற்கும். ஊருக்கு வெளியே வண்டிகளை நிறுத்திவிட்டு நடந்து வருகிறவர்களுக்கே பிரவேசம் என்று வைக்கட்டும். பலாசப் பூ விற்பவனைத் தடுக்கட்டும். அவனைவிட அதை வாங்குகிறவனை முக்கியமாகத் தடுக்கட்டும். வர்ணப்பொடியையே ஓரிரு வருஷம் விட்டுவிட்டால்தான் என்ன? பாட்டு மட்டும் இருந்தால் பாட்டுக்காக வருகிறவன் மட்டும் வருவான். ஸர்வகலாசாலையார் வங்காளத்துப் பத்திரிகைகளின் வாயிலாக இவற்றை ஜனங்களிடம் எடுத்துச் சொல்லி, அவர்கள் சொல்லும் யோசனைகளையும் கேட்டு, அடுத்த ஹோலிக்கு முன்பே தங்கள் தீர்மானத்தை வெளியிட வேண்டும்.