துண்டுச் சீட்டிலிருந்து வாக்குச் சீட்டு வரை



தோட்டங்களுக்குப் போகும்போது வாலிபப் பிள்ளைகள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சேர், நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் அடிமையாவா இருந்தாங்க?" ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல இது. ஆகவே இம்முறை அதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

இலங்கையில் அடிமை முறை 1844 ஆம் ஆண்டு சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதே காலத்தில்தான் நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி நம்ம மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அவர்களை யாரும் சந்தையில் விலைக்கு வாங்கவில்லை. ஆனால் வேறொன்று அவர்களைக் கட்டிப்போட்டது. அதுதான் கடன்.

துண்டு என்றால் என்ன?

ஊரிலிருந்து கிளம்பும்போதே கங்காணி கொடுத்த முற்பணம், வழிச்செலவு, பிறகு அரிசி, கம்பளி எல்லாம் பற்றில் ஏறிவிடும். சம்பளமோ நேரத்துக்கு வராது. வந்தாலும் கடனுக்கே போய்விடும். சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் 1865 ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனையும் உண்டு.

வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் பழைய தோட்டத்துத் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். "இந்த ஆட்களின் கடன் இவ்வளவு. அதைக் கட்டுகிறவருக்கு ஆட்களை விட்டுவிடுவேன்" என்பதுதான் அந்தச் சீட்டின் பொருள். அதற்குப் பெயர் துண்டு. உதாரணமாக 40 ஆட்களுக்கு 2000 ரூபா கடன் என்று வைத்துக்கொள்வோம். புதிய தோட்டம் அந்த 2000 ரூபாவைக் கட்டி, கங்காணிக்கு மேலும் முற்பணம் கொடுக்கும். அதுவும் சேர்ந்து கடன் கூடும். காசு கை மாறியது துரைக்கும் கங்காணிக்கும் இடையில். கடன் ஏறியது தொழிலாளியின் தலையில். மனிதனை விற்கவில்லைதான். ஆனால் அவன் கடனை விற்றார்கள், அவனும் கடனோடு சேர்ந்து போனான்.

துண்டு இல்லாவிட்டால் ஆட்கள் ஓடிவிடுவார்கள், கொடுத்த முற்பணம் மோசம் போய்விடும் என்றார்கள் தோட்டக்காரர்கள். இது அநியாயம் என்று இங்கும் இந்தியாவிலும் குரல் எழுந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919 இல் தொழிலாளர் நலனுக்காகவே ஒரு சங்கம் அமைத்துப் பேசினார். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் பத்திரிகையிலும் மேடையிலும் துணிந்து எதிர்த்தார். கடைசியில் 1921 ஆம் ஆண்டு 43 ஆம் இலக்கச் சட்டத்தால் துண்டு முறை ஒழிந்தது.

துண்டு ஒழிந்தது, சண்டை ஒழியவில்லை

தொழிலாளி கடனிலிருந்து விடுபட்டான், சரி. அவன் இந்த நாட்டு மனிதனா, வேலைக்குக் கொண்டுவந்த ஆளா? இந்தக் கேள்விதான் நாட்டைப் பிரித்தது. டொனமூர் ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது, தோட்ட மக்களுக்கும் வாக்கா என்று சிங்களத் தலைவர்கள் பலர் எதிர்த்தார்கள். அதனால் நம்மவர்களுக்கு மட்டும் தனி நிபந்தனைகள் வைக்கப்பட்டன.

கண்டிச் சிங்களக் கிராமத்தவரின் மனக்குறையையும் நாம் மறந்துவிடக் கூடாது. அவர்கள் நம்பியிருந்த காடும் மேட்டுநிலமும் 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசுக்குப் போய், பிறகு தோட்டமாயின. பாதை போட வருடத்துக்கு 6 நாள் வேலை செய்ய வேண்டும், இல்லையேல் காசு கட்ட வேண்டும் என்றும் சட்டம் வந்தது. வரிகளும் கூடின. இதனாலெல்லாம் 1848 இல் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது, வீர புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். கிராமத்தான் காணியை இழந்தான், தோட்டத்தான் கடனில் விழுந்தான். இருவரையும் அப்படி ஆக்கியது ஒரே ஆட்சி. ஆனால் கோபமோ ஒருவர்மேல் ஒருவருக்கு வந்தது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. மறு வருடமே 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்மில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1949 இல் வாக்கும் போனது. பிரிவு தமிழருக்குள்ளும் வந்தது. ஜி. ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்தோடு சேர்ந்தார். எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவரை விட்டுப் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

இன்னொன்றையும் கேளுங்கள். அமெரிக்காவின் 1787 ஆம் ஆண்டு அரசியலமைப்பில், ஆசனங்களைப் பங்கிடும்போது 5 அடிமைகளை 3 பேராக எண்ணினார்கள். வாக்கு மட்டும் இல்லை. அடிமைச் சண்டை முற்றி 1861 முதல் 1865 வரை அந்த நாடே இரண்டாக நின்று போரிட்டது. இங்கேயும் தொகுதி பிரிக்கத் தலை எண்ணும்போது நம்மவர்களைச் சேர்த்துக்கொண்டு, வாக்குப் போடும்போது வெளியே நிறுத்தினார்கள். கணக்குக்கு ஆள் வேண்டும், உரிமைக்கு ஆள் வேண்டாம்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. பலர் குடும்பத்தில் அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்றானது. மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைக்க 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நாம் செய்ய வேண்டியது

ஒரு சீட்டுத்தான் நம் முன்னோரைக் கட்டியது. ஒரு சீட்டு இல்லாததுதான் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. ஆகவே பிள்ளை பிறந்தவுடன் பிறப்பைப் பதியுங்கள். வயது வந்ததும் அடையாள அட்டை எடுத்துக் கொடுங்கள். வருடந்தோறும் கிராம சேவகரிடம் போய்த் தேருநர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். "அடுத்த வருசம் பார்ப்போம்" என்று விட்டுவிடாதீர்கள்.

கொழும்புக் கடைக்கும் வெளிநாட்டு வேலைக்கும் ஆள் பிடிக்க வரும் தரகர் முற்பணம் நீட்டினால் சற்று யோசியுங்கள். என்ன கணக்கு, எத்தனை மாதக் கழிவு, இடையில் விலகினால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். அடையாள அட்டையையும் கடவுச்சீட்டையும் அடகாக யாரிடமும் கொடுக்காதீர்கள். துண்டு 1921 இல் ஒழிந்தது. அதை நம் வீட்டு வாசலுக்கு நாமே திரும்ப அழைக்க வேண்டாம்.

பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பிள்ளையோடு நம் பிள்ளையும் இந்தக் கதையைப் பேசட்டும். இரண்டு வீட்டுத் துயரமும் ஒரே இடத்தில் தொடங்கியது என்று தெரிந்தால் பாதிப் பகை அங்கேயே தீர்ந்துவிடும்.